வேணாம் கடை

சாப்பாட்டுக் கடையில் போர்டு மாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரியும். இங்கே உட்காராதே, அங்கே துப்பாதே, இரண்டாம் தடவை சாம்பார் கேட்காதே, சாப்பிட்டால் உடனே எழுந்திரு. பசியோடு வருகிறவனை வாசலில் நிறுத்திச் சட்டம் படிக்கிற கடை உருப்படுமா? உருப்படாது. இதை யாரோ சொல்லக் கேட்டு நான் சொல்லவில்லை. அப்படி ஒரு மகராசனுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் பட்டணத்தில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவர். சமையலும் அவர்தான், பரிமாறுவதும் அவர்தான். எங்கள் சனத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பங்களிலிருந்து அந்தக் காலத்தில் இப்படி வேலைக்குப் போனவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சி போய்ச் சில வருடம் ஒட்டிக்கொண்டிருந்த துரை, கடைசியில் அவரும் கப்பலேறிவிட்டார். இவர் ஒரு தகரப் பெட்டி, ஒரு வெள்ளைக் கோட்டு, துரை கொடுத்த சுவர்க் கடியாரம், மண்டை நிறைய துரை வீட்டுப் பழக்கம், இவ்வளவையும் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்கிற சொந்த ஊருக்குத் திரும்பினார். திரும்பிய வருடம்தான் எங்கள் கல்யாணம்.

"ஆண்டை வூட்டு நெலத்துல இனிமே கால் வெக்க மாட்டேன்" என்று கல்யாணத்துக்கு முன்பே எங்கள் அப்பாவிடம் சொல்லித்தான் பெண் கேட்டார். அவருடைய அப்பா அந்த நிலத்தில் படியாளாக உழைத்து அங்கேயே செத்தவர். இவரும் சின்ன வயதில் அந்த வீட்டில் மாடு மேய்த்தவர். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. எனக்கும்தான் பிடித்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, புறம்போக்கில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் கடை வைத்தோம். ஊர்த்தெருக்காரர்கள் எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். அவர்களை நம்பி யார் கடை வைத்தது? நடவுக்கும் அறுப்புக்கும் போகிற எங்கள் சனம் இருக்கிறது. ஏரிக்கரை ஓரம் குடிசை போட்டிருக்கிற இருளர்கள் இருக்கிறார்கள். உத்திரமேரூர் போகிற வண்டிக்காரர்கள், ஆட்டு வியாபாரம் செய்கிற பாய்மார்கள் இருக்கிறார்கள். இவர்கள் வந்து சாப்பிட்டால் எங்களுக்குப் பிழைப்பு ஓடும். வராவிட்டால் பழையபடி ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறம்தான். நடுவில் வேறு வழி கிடையாது.

அவர் கைச் சமையலைப் பற்றி ஒரு சொல் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கருவாட்டுக் குழம்பு கொதித்தால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவன் இறங்கி வருவான். ஒரு விலை கொடுத்தால் வயிறு நிறைய சோறு. எங்கள் ஆட்கள் மற்ற ஓட்டல்களில் வெளியே நின்று கொட்டாங்கச்சியில் டீ வாங்கிக் குடித்தவர்கள். எங்கள் கடையில் பெஞ்சு போட்டிருந்தோம். "துரைக்கு இன்னா மரியாத குடுத்தனோ அதேதான் இங்க வர அல்லாருக்கும்" என்பார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த மரியாதையில்தான் வந்தது வினை.

கொட்டகைத் தூணில் அந்தக் கடியாரம் தொங்கும். அது இரண்டு அடித்தால் லஞ்சு முடிந்தது. நடவுப் பெண்கள் சேற்றுக் காலோடு கரையேறி வருகிற நேரமே அதுதான்.

"இன்னாணா, சோறு கீதா?" என்று கேட்பார்கள்.

"கீது. ஆனா லஞ்சு முடிஞ்சிபோச்சி" என்பார் இவர்.

சோறு இருக்கிறது, கேட்கிறவளுக்குப் பசி இருக்கிறது, கடியாரம் நடுவில் நிற்கிறது! உள்ளே நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ரசத்தை உறிஞ்சினால் முகத்தைச் சுளிப்பார். யாராவது திருப்தியாக ஒரு ஏப்பம் விட்டால், யாரோ அவர் சட்டையைக் கிழித்துவிட்ட மாதிரி பார்ப்பார். சாப்பிட்டவன் ஏப்பம் விட்டால்தானே ஐயா சமைத்தவனுக்குப் பேர்? வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம்கூட சனங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். துரைக்குப் பதில் துரை வந்திருக்கிறார் என்று சிரித்துவிட்டுச் சாப்பிட்டார்கள். ஒரே ஒரு சட்டம்தான் கடையைக் கவிழ்த்தது. அதை மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லிப் பலகையில் பெயிண்டால் எழுதி வாங்கி மாட்டினார். "ஒரு முறை கேட்போம். ஒரு முறை பதில் சொல்லவும்." படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்தும் காட்டினார்.

அதாவது முதல் தடவை சோறு போட்டு அது தீர்ந்ததும் இவர் பானையோடு வந்து பக்கத்தில் நிற்பார். "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்பார். வேணும் என்றால் போடுவார். வேணாம் என்றால் பானை உள்ளே போய்விடும். அதோடு முடிந்தது.

எங்கள் பக்கத்து மனுஷர்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும். எங்களில் முதல் வேணாம் மரியாதைக்கு. இரண்டாவது வேணாம் கூச்சத்துக்கு. மூன்றாவதாகச் சொல்லுகிற வேணாம்தான் வயிற்றிலிருந்து வரும். அதற்குள் பரிமாறுகிறவள் இரண்டு கரண்டி போட்டிருக்க வேண்டும். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு என்ன கூச்சம் என்று கேட்பீர்கள். "சோத்துக்குச் செத்தவனுங்க" என்று பரம்பரையாகப் பேச்சு வாங்கியவர்கள் நாங்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் ஆட்களிடம் மற்ற ஒன்பதும் பறக்கும், மானம் மட்டும் இலைக்கு முன்னால் அப்படியே குந்திக்கொண்டிருக்கும். யாராவது வற்புறுத்திப் போட்டால்தான் அதுவும் நகர்ந்து வழி விடும்.

ஒரு நாள் பழையசீவரம் பக்கத்திலிருந்து ஒரு வண்டிக்காரர் வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். முதல் சோற்றை நாலு வாயில் முடித்துவிட்டார். இவர் பானையோடு போய்க் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம்பா" என்றார்.

"தேங்ஸ்" என்று சொல்லிவிட்டு இவர் பானையை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அந்த மனுஷர் கையை இலைக்கு மேலே வைத்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு, கொட்டகையின் பின்பக்கம் சுற்றி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரருக்கு எம்மேல எதனா கோவமா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, அப்டிலாம் ஒண்ணும் இல்லணா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் நேரே எதிர்ப்பக்கம் போய் மசால்வடைக் கிழவியிடம் வடை வாங்கித் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். அவர்தான் பேர் வைத்தார் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் வண்டிக்காரர்கள் மத்தியில் எங்கள் கடைக்கு 'வேணாம் கடை' என்றே பேராகிவிட்டது. "வேணாம் கடைக்குப் போலாமா?" "வேணாம்!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள்.

அன்றைக்கு எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை.

"வேணாம்னு சொன்னா வேணாம்னு அர்த்தமாய்யா? நீ இன்னா இங்கிலாந்துலயா பொறந்த?" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அந்த வூட்டுக் கொல்லையில சட்டிய வெச்சிக்கினு குந்தியிருப்போம் நானும் அக்காவும். கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க ஆண்டே, கொஞ்சம் ஊத்துங்க ஆண்டேன்னு கேட்டுக்கினே இருக்கணும். காதுல வுயுந்தாலும் வுயாத மாதிரி இருப்பாங்க. கெஞ்ச வெச்சி வேடிக்க பாப்பாங்க. துரை வூட்ல அப்டி இல்ல. ஒரு வாட்டி கேட்டா ஒரு வாட்டி பதிலு. சொன்ன வார்த்தைக்கு மதிப்பு. எங்கடைல ஒருத்தனும் ரெண்டாவது வாட்டி வாயத் தொறந்து கெஞ்சக் கூடாது. நம்மாளு சொல்ற வார்த்தைய நான் மதிக்கிறேன். இது தப்பா?"

எனக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. இப்படி ஒரு காரணம் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பாவம் மனுஷன்.

"எங்க அக்காவப் பாரு" என்று தொடர்ந்தார். "நாங்கல்லாம் கெஞ்சுவோம். அது கெஞ்சினதே இல்ல. எனக்குப் பசி இல்ல, வேணாம்னுட்டு திரும்பிக் குந்திக்கும். அது பொம்பள. அதுக்கு வேணாம்னா வேணாம்தான்."

அந்த அக்கா, என் நாத்தனார், காவாந்தண்டலத்தில் வாழ்க்கைப்பட்டுப் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். தாயில்லாப் பிள்ளையான இவரை வளர்த்தவள் அவள்தான். நான் அவளோடு அதிகம் பழகியதில்லை. கல்யாணத்தன்று பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினாள், அவள் எப்போது சாப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

பேர் கெட்ட கடையில் ஈதான் உட்காரும். சம்பா நடவு தொடங்குகிற சமயம் ஒரு சனிக்கிழமை ஆண்டை வீட்டுக் காரியக்காரர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டார், குடையை ஊன்றிக்கொண்டு அங்கேயிருந்தே பேசினார்.

"இன்னாடா பட்லரு, கடை காத்து வாங்குது போல கீதே. நடவுக்கு ஆள் பத்தல. ஆண்டை உன்னக் கூப்ட சொன்னாரு. பொண்டாட்டியையும் இட்டுக்கினு வா. திங்கக்கெயம இந்தப் பக்கம் வருவேன், பதிலச் சொல்லு."

இவர் வாயிலிருந்து மாட்டேன் என்று ஒரு சொல் வரும் என்று கதவோரம் நின்று காத்திருந்தேன். வரவில்லை. காரியக்காரர் போன பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் இன்னும் இரண்டு நாளைக்கே வருகிற அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆளா எங்கள் அப்பாவிடம் அப்படிப் பேசியவர்?

மறுநாள் ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து வந்து உலை வைத்திருந்தோம். நாத்தனார் வந்து நின்றாள். தம்பி கடை வைத்திருக்கிறானே, ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று காவாந்தண்டலத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி நடந்தே வந்திருந்தாள். மடியில் கொஞ்சம் பச்சைப்பயறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் கீயே குந்திக்கிறேன்டா, பெஞ்செல்லாம் எனக்கு எதுக்கு" என்றாள்.

இவர் விடவில்லை. அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். ஆணியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். தையல் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, துரைக்குப் பரிமாறுகிற மாதிரி ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சோறு போட்டார், குழம்பு ஊற்றினார்.

"இன்னாடா இது கோலம், கல்யாண மாப்ள மாதிரி!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். தீர்ந்ததும் இவர் பானையோடு போனார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு?"

"வேணாம்பா. வயிறு ரொம்பிபோச்சி."

அவர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா, சொன்னேனே என்கிற பெருமை அந்தப் பார்வையில் இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்.

நான் இலையைப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. இலைகளைத் தைத்த இடுக்கில் கொஞ்சம் குழம்பு தங்கியிருந்தது. அவள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த இடுக்கு வழியாக விரலை ஓட்டி வழித்து நக்கினாள். ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலையை எடுத்து மென்றாள். பிறகு சொம்பை எடுத்து, அடி தெரிகிற வரை தண்ணீர் குடித்தாள். சாப்பிட்டவள் அப்படித் தண்ணீர் குடிக்க மாட்டாள். இடம் காலியாக இருக்கிறவள்தான் குடிப்பாள். எனக்கு அது தெரியாதா? நானும் கூலிக்காரி வீட்டில் பிறந்தவள்தானே.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவர் கையிலிருந்து பானையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு கேள்வியும் கேட்காமல் அவள் இலையில் சோற்றைச் சரித்தேன்.

"ஐயய்யோ, வேணாம்மே! வேணாம் வேணாம்!" என்று இரண்டு கையையும் இலைக்கு மேல் நீட்டினாள்.

நிஜமாக வேணாம் என்கிறவள் இலையை மடித்துவிடுவாள். கையை நீட்ட மாட்டாள். அப்படியே நீட்டினாலும் விரலை விரித்து வைக்க மாட்டாள். நான் போட்டேன். சோறு அந்த விரல் சந்துகளுக்குள் புகுந்து இலையில் விழுந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு சாப்பிட்டாள். முடித்ததும் மறுபடி போட்டேன். மறுபடி வேணாம் என்றாள். மறுபடி சாப்பிட்டாள். அவர் அடுக்களை வாசலில் கரண்டியும் கையுமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் கிட்டே வந்தார்.

"அக்கா, அப்பவும் இப்டிதானா?"

"எப்போ?"

"ஆண்டை வூட்டுக் கொல்லையில. பசி இல்ல, எனக்கு வேணாம்னு சொல்லுவியே."

அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "அவங்க ஊத்தறது ஒரு வயித்துக்கே காணாதுடா. ரெண்டு பேரும் வேணும் வேணும்னா இன்னா பண்றது?"

"நீ பசி இல்லன்னு சொன்னியேக்கா."

"சொன்னேன். நீயும் நம்பிக்கினே." அவள் சிரித்தாள். "நல்ல பையன்டா நீ. ஏன்க்கா எதுக்குக்கான்னு ஒரு நாளும் கேட்டு பேஜார் பண்ணல."

அவர் அவளுக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்தான். கையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனேக்கா, எங்க அக்காவுக்கு வேணாம்னா வேணாம்னு" என்றார். நானும் அழுதேன். அவள் ஒருத்திதான் அழவில்லை. ரொம்பக் காலத்துக்குப் பிறகு வயிறு நிறைந்திருந்தது, அவள் ஏன் அழப்போகிறாள்?

கை கழுவிவிட்டு வந்து அவளே ஓர் இலையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். என் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டாள்.

"சாப்புடு நைனா."

"வேணாம்க்கா. பசி இல்ல."

"அட த்தூ, போடா!" என்றாள். அவர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கே பலகை இறங்கியது. நல்ல பலாப் பலகை, எறிய மனம் வரவில்லை. சோற்றுப் பானைக்கு மூடியாக்கிக்கொண்டேன். கடியாரத்துக்குச் சாவி கொடுப்பதை அவர் விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் சாய்கிற நேரம். அவர் வீதியில் நின்று, கரையேறிப் போகிற நடவுப் பெண்களைப் பார்த்து, "வாங்கம்மா, வாங்க, சோறு கீது!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். லஞ்சு முடியவில்லையா என்று அவர்கள் கிண்டல் பண்ணிக்கொண்டே உள்ளே வந்தார்கள். நாத்தனாரும் நானும் இலை போட்டோம். அவர் பானையோடு வரிசையில் வந்தார். கேட்கவே இல்லை. போட்டுக்கொண்டே போனார். ஐயோ வேணாம்ணா, வேணாம்ணா என்று கொட்டகை முழுக்க ஒரே கூச்சல். விரல்களெல்லாம் விரிந்துதான் இருந்தன. ஒருத்தி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாள். அவர் சிரித்தார்.

அப்போது குடையோடு காரியக்காரர் வந்து நின்றார்.

"இன்னாடா, ஆண்டைக்கு இன்னா பதிலு சொல்லட்டும்? நாளைக்கு வர்றியா?"

"வேணாங்க" என்றார் இவர்.

எங்கள் சனத்தின் வேணாம் எப்படிப்பட்டது என்று ஆண்டை வீட்டாருக்கும் தெரியும். காரியக்காரர் குடையை மாற்றி ஊன்றிக்கொண்டு நிதானமாக நின்றார். "நல்லா யோசிச்சி சொல்லு. கூலி கொஞ்சம் கூடவே போட்டுத் தர சொல்றேன்."

"வேணாங்க."

"டேய், அப்புறம் கொல்லைல வந்து நின்னா ஆண்டை சேத்துக்க மாட்டாரு. கடைசியா கேக்கறேன்."

கொட்டகையில் கூச்சல் அடங்கிவிட்டது. பெண்கள் கையை இலையில் வைத்தபடியே இவரைப் பார்த்தார்கள். நாத்தனார் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றாள்.

"எத்தினி வாட்டி கேட்டாலும் வேணாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்குத் திரும்பிச் சோறு போட்டார்.

கடை அப்புறம் வெகுகாலம் ஓடியது. நாத்தனாரும் எங்களோடேயே இருந்துவிட்டாள். 'வேணாம் கடை' என்கிற பேர் மட்டும் கடைசி வரை மாறவில்லை. பெருநகர் போனால் வேணாம் கடையில் சாப்பிடு, அங்கே வேணாம் என்றால் விடமாட்டார்கள் என்று வண்டிக்காரர்களே மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அத்தனை வருஷத்தில் அந்தக் கொட்டகையில் எத்தனையோ பேர் எத்தனையோ வேணாம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன், ஒன்றையும் நம்பியதில்லை. அன்றைக்கு அவர் காரியக்காரரிடம் சொன்னது ஒன்றுதான் நிஜ வேணாம்.